இல்லாத நாட்டின் போர் விமானம்

கற்பனையாக ஒரு நாட்டைப் படைக்க முனையும் எழுத்தாளர் முதலில் அதற்கொரு பெயர் வைக்கிறார். பிறகு வரைபடம் வரைகிறார். கொடி, நாணயம், அரச மரபு, பகை நாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். இந்தப் பட்டியலில் இன்று தவறாமல் இடம்பெறும் இன்னொரு பொருள் போர் விமானம். கல்லூரி ஆண்டு மலருக்கு வரும் அறிவியல் புனைகதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்மைப் போன்ற தமிழாசிரியர்களின் தலையில்தான் விழுகிறது. அவற்றில் எப்படியும் இரண்டு மூன்று கதைகளில் இல்லாத நாடொன்றின் விமானம் பறந்துவிடுகிறது. அது ஒலியைவிட மும்மடங்கு வேகத்தில் செல்லும், எந்த ரேடாருக்கும் அகப்படாது, வானில் எதிரி விமானத்தை வீழ்த்திய கையோடு தரையிலுள்ள பாலத்தையும் தகர்க்கும், வேவும் பார்க்கும். ஆங்கில நாளேடுகள் பழக்கிவிட்ட சொல்லைத் தமிழாக்கி, மாணவர்களும் அதைப் 'பல்நோக்குப் போர் விமானம்' என்றே எழுதுகிறார்கள்.

இந்தக் கதைகளைப் படித்து முடித்ததும் நமக்கு ஒரே ஒரு கேள்விதான் எஞ்சுகிறது. இந்த விமானத்தைச் செய்தவர் யார்? எத்தனை ஆண்டுகள் செய்தார்? முதல் முறை பறந்தபோது என்ன ஆயிற்று? அதற்கான பணம் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தும் எந்த ஏரிக்கரையிலிருந்தும் எடுக்கப்பட்டது? கேள்விகள் பலவாகத் தோன்றினாலும் அவை ஒன்றுதான். கதைகளில் அதற்கு விடையில்லை. விமானம் ஆயத்தமாக வந்து நிற்கிறது, கடையில் வாங்கிய பொம்மையைப் போல.

மாணவர்களை மட்டும் குறைகூறி என்ன பயன்? உலகெங்கும் அச்சிலும் திரையிலும் கணினி விளையாட்டிலும் உலவும் கற்பனை நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை இவ்வாறே வந்து நிற்பவை. நம் கருத்து இதுதான்: ஒரு கற்பனை நாட்டின் விமானத்தை நம்பவைப்பது அதன் வேகமன்று, அதன் இயலாமை. எங்கே அது தடுமாறுகிறதோ அங்கேதான் அந்த நாட்டின் முகம் தெரிகிறது. விமானம் உருவான கதையை எழுதாதவர் நாட்டை எழுதவில்லை. கொடியை மட்டுமே எழுதியிருக்கிறார்.

*

பல்நோக்கு என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஒரே விமானம் எல்லா வேலையும் செய்யும் என்பது கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. உண்மையில் அது ஒரு சிக்கனத்தின் பெயர். எதிரி விமானத்தோடு வானில் மோதுவதற்கு வேண்டிய உடலமைப்பு வேறு. குண்டுகளைச் சுமந்து தாழப் பறப்பதற்கு வேண்டிய உடலமைப்பு வேறு. ஒன்றுக்கு உகந்த இறக்கை மற்றொன்றுக்குச் சுமை. இரண்டையும் ஒரே உடலில் பொருத்துவதென்றால் இரண்டிலும் சிறிது இழக்க வேண்டும். தனித்தனி விமானங்களுக்குச் செலவிட இயலாத நாடும், அவ்வளவு செலவிடுவது வீண் என்று கணக்குப் பார்த்த நாடும் இந்த இழப்புக்கு ஒப்புக்கொள்கின்றன.

ஸ்வீடன் நல்ல எடுத்துக்காட்டு. அந்த நாட்டின் கிரிப்பென் விமானத்துக்கு முன்னால் ஜே, ஏ, எஸ் என்று மூன்று எழுத்துகள் நிற்கின்றன. வேட்டை, தாக்குதல், வேவு என்பவற்றைக் குறிக்கும் மூன்று ஸ்வீடிய மொழிச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அதற்கு முந்தைய விக்கென் விமானத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு வகை தனியே கட்டப்பட்டது. கிரிப்பெனில் மூன்றும் ஒன்றாயின. கிரிப்பென் என்பது சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட புராண விலங்கின் பெயர். நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். பல விலங்குகளை ஒன்றாக்கிய உருவத்தின் பெயரைப் பல பணிகளை ஒன்றாக்கிய இயந்திரத்துக்கு வைத்தவர்களுக்குச் சொல்லின் மேல் காதல் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் பெயர் பொருந்திவிட்டதால் விமானம் பறந்துவிடவில்லை. 1988 டிசம்பரில் முதலில் பறந்த அந்த விமானம் 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி உருண்டது. அதை ஓட்டிய அதே விமானி 1993 ஆகஸ்டில் தலைநகர் ஸ்டாக்ஹோமில், திரண்டிருந்த மக்களின் கண்ணெதிரே மற்றொரு கிரிப்பெனைச் செலுத்தியபோது அதுவும் கட்டுக்கு அடங்காமல் போயிற்று. அவர் குதித்துத் தப்பினார். விமானம் நகருக்குள் இருந்த ஒரு தீவில் விழுந்தது. நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. இரண்டு முறையும் குற்றவாளி பறத்தலைக் கட்டுப்படுத்திய கணினி நிரல்தான். விமானியின் கை ஒரு திசையில் திருத்த, நிரல் அதைப் பின்தொடர்ந்து மிகையாகத் திருத்த, இரண்டும் ஒன்றையொன்று துரத்தி அலைக்கழிந்தன. இதை ஒரு நாவலாசிரியர் கண்டுபிடித்திருந்தால் எத்தனை அழகான படிமம் என்று நாம் வியந்திருப்போம். மனிதனும் அவன் செய்த அறிவும் ஒருவர் நோக்கத்தை ஒருவர் அறியாமல் போராடும் காட்சியல்லவா அது! நம் மாணவரின் கதையில் இத்தகைய ஒரு விபத்துக்கு இடமிருந்தால் அவருடைய நாடு உயிர்பெற்றிருக்கும்.

*

கற்பனை நாட்டுப் பறக்கும் படைக்கலத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 1726ஆம் ஆண்டிலேயே ஒருவர் இலக்கணம் வகுத்துவிட்டார். ஜொனாதன் ஸ்விஃப்டின் கலிவரின் பயணங்கள் நூலில், மூன்றாம் பாகத்தில் வரும் லாபூட்டா என்னும் பறக்கும் தீவைச் சொல்கிறோம். குழந்தைகளுக்காகச் சுருக்கப்பட்ட பதிப்புகள் குள்ளர் நாட்டோடும் பேருருவினர் நாட்டோடும் நின்றுவிடுவதால் நம்மில் பலர் அந்தத் தீவுக்குச் சென்றதே இல்லை.

லாபூட்டா ஒரு மாபெரும் காந்தக் கல்லின் வலிமையால் மிதக்கிறது. கல்லின் ஒரு முனையைக் கீழ்நோக்கித் திருப்பினால் தீவு இறங்கும், மறுமுனையைத் திருப்பினால் ஏறும், சாய்த்தால் பக்கவாட்டில் நகரும். இதுவரை வியப்பு. இனிமேல்தான் இலக்கியம். அந்தக் காந்தத்துக்கு எதிர்வினை புரியும் கனிமம் பால்னிபார்பி என்ற அந்த அரசனின் சொந்த நிலப்பரப்பின் அடியில் மட்டுமே இருக்கிறது. ஆகவே தீவு தன் நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. 4 மைலுக்கு மேல் உயரவும் முடியாது. இந்த ஒரே தடையில் ஸ்விஃப்ட் ஓர் அரசியல் நூலையே எழுதிவிடுகிறார். எல்லையைத் தாண்ட முடியாத படைக்கலம் யாருக்கு எதிராகப் பயன்படும்? சொந்தக் குடிகளுக்கு எதிராகத்தான்.

வரி கொடுக்க மறுக்கும் நகருக்கு மேலே தீவு வந்து நின்று வெயிலையும் மழையையும் மறிக்கும். அதற்கும் பணியாவிட்டால் மேலிருந்து பெருங்கற்களை எறியும். அதற்கும் பணியாவிட்டால் நகரின் மேலேயே இறங்கி நசுக்கும். பல்நோக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? ஆனால் அந்த மூன்றாவது பணியை அரசன் செய்யத் தயங்குகிறான். அமைச்சர்களின் நிலபுலன்கள் கீழேதான் இருக்கின்றன. அதோடு நகரத்தின் உயர்ந்த பாறைகளும் கற்றூண்களும் தாக்கினால் தீவின் அடிப்பாகம் வெடித்துவிடக்கூடும். இந்த அச்சத்தைக் குடிகளும் நன்றாக அறிந்திருக்கிறார்கள். லிண்டலினோ என்ற நகரத்து மக்கள் நான்கு கோபுரங்கள் எழுப்பி, அவற்றின் உச்சியில் காந்தக் கற்களை வைத்து அரசனையே பணியவைத்த பகுதி, அயர்லாந்தின் எதிர்ப்பை நினைவூட்டியதாலோ என்னவோ, 1899 வரை நூலின் எந்தப் பதிப்பிலும் சேரவில்லை. கற்பனை நாட்டின் பறக்கும் கல்லைப் பற்றிய சில பத்திகளை அச்சிட உண்மையான நாடொன்றில் ஏறத்தாழ 170 ஆண்டுகள் அஞ்சியிருக்கிறார்கள் என்றால், அந்தக் கற்பனையின் எடையை நாம் உணரலாம்.

ஸ்விஃப்ட் லாபூட்டாவுக்கு எல்லையற்ற ஆற்றலைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாயக் கம்பளம் கிடைத்திருக்கும். ஆற்றலின் வரம்பை வரைந்ததால் ஒரு நாடு கிடைத்தது.

*

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு பறக்கும் பொறி நினைவுக்கு வந்திருக்கும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி அது. புராண விமானங்கள் தெய்வங்களின் உடைமைகள். நினைத்ததும் வரும், நினைத்த இடத்துக்குச் செல்லும். சிந்தாமணியின் மயில் அவ்வாறன்று. அதை ஒரு பெருந்தச்சன் செய்கிறான். துணிக்கிழி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று செய்பொருள்கள் சொல்லப்படுகின்றன. செய்து முடிக்க ஆன காலம் 7 நாள் என்று கணக்கும் தரப்படுகிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு எழும்பும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து அமரும். அரசி விசயை அதில் ஏறி மாடத்தையும் சோலையையும் சுற்றிச் சில நாள் பழகுகிறாள். பயிற்சி இல்லாமல் எவரும் எதையும் ஓட்டிவிட முடியாது என்பதை அறிந்த கவிஞர் அவர்.

தேவருலக விமானங்களுக்கு நடுவே அரக்கும் மெழுகும் கொண்டு செய்த ஒரு பொறியை இத்தனை விவரத்தோடு பாடியது ஏன் என்று எண்ணிப் பார்க்கிறோம். அந்த மயில் படையெடுக்கச் செய்யப்பட்டதன்று, தப்பிக்கச் செய்யப்பட்டது. காதலில் ஆழ்ந்து ஆட்சியைக் கட்டியங்காரன் என்னும் அமைச்சனிடம் ஒப்படைத்துவிட்ட மன்னன், அரசியின் தீக்கனவைக் கேட்டபின் தன் நாட்டை மீட்க முயலவில்லை. ஒரு பொறியைச் செய்யச் சொன்னான். ஆட்சியில் விட்ட பிழையை இயந்திரத்தால் ஈடுசெய்ய முனையும் எல்லா அரசுகளின் கதையும் இதுவே. கட்டியங்காரனின் படை சூழ்ந்தபோது கருவுற்றிருந்த விசயை மட்டும் மயிலேறுகிறாள். சச்சந்தன் கீழே நின்று பொருது மடிகிறான். மயில் இறங்கிய இடம் சுடுகாடு. சீவகன் பிறப்பது அங்கேதான்.

மயிலின் வேகத்தைத் திருத்தக்கதேவர் ஒரு பாட்டில் முடித்துவிடுகிறார். அது எங்கே விழுந்தது என்பதைக் காப்பியத்தின் தொடக்கமாக்குகிறார். 1887இல் உ.வே.சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்த பிறகு இந்தப் பகுதியைத் 'தமிழரின் விமான அறிவு' என்று மேடைகளில் முழங்கும் வழக்கமும் வந்து சேர்ந்தது. அந்த முழக்கம் காப்பியத்தைப் படிக்காதவர்களின் முழக்கம். தச்சனின் திறமையைப் போற்றுபவர்கள், அந்தத் திறமையால் ஏமாங்கதத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று கவிஞர் சொல்வதைக் கேட்பதில்லை.

*

நம் காலத்துக்கு வருவோம். கிரெய்க் தாமஸ் 1977இல் எழுதிய ஃபயர்ஃபாக்ஸ் நாவலில் சோவியத் நாடு ஒரு விமானத்தைச் செய்துவிடுகிறது. அதைத் திருடிவர ஓர் அமெரிக்க விமானி அனுப்பப்படுகிறான். 1982இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக்கினார். நாடு உண்மை, விமானம் மட்டும் கற்பனை. எண்ணத்தால் ஆயுதங்களை இயக்கும் அந்த விமானம் ருஷ்ய மொழியில் எண்ணினால்தான் பணியும். ஒரு பரபரப்புக் கதையில் எதிர்பாராமல் விழுந்த இலக்கியத் துளி அது. ஓர் இயந்திரம் தான் பிறந்த மண்ணின் மொழியை மட்டுமே கேட்கிறது. அதைத் திருட வேண்டுமானால் பகைவனின் மொழியில் சிந்திக்கக் கற்க வேண்டும். கதையாசிரியர் இந்தக் கருத்தோடு நெடுந்தூரம் போகவில்லை. போயிருந்தால் அது வேறு நாவலாகியிருக்கும்.

2022இல் வந்த டாப் கன்: மாவரிக் இதற்கு நேரெதிர். பகை நாட்டுக்குப் பெயரே இல்லை. அதன் விமானிகளின் முகங்கள் கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. அவர்கள் ஓட்டும் அதிநவீன விமானங்களை அவர்கள் நாடு செய்ததா, வாங்கியதா, அதற்கு என்ன விலை கொடுத்தது என்று எதுவும் தெரியாது. எவர் மனமும் புண்படாதபடி வணிகம் நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பெயரில்லாத நாட்டின் வீழ்ச்சிக்கு எவரும் அழ வேண்டியதில்லை. கற்பனை நாடு என்னும் உத்தி இங்கே மனசாட்சியை உறங்கவைக்கும் மருந்தாகிவிட்டது.

ஜப்பானியர் இந்தத் துறையில் நம் மதிப்புக்குரிய சிலவற்றைச் செய்திருக்கிறார்கள். 1987இல் வெளிவந்த ஹொன்னெமிசின் சிறகுகள் என்னும் அசைவூட்டத் திரைப்படம் முழுக்க முழுக்க இல்லாத ஒரு முடியரசில் நிகழ்கிறது. அதன் நாணயம், பொத்தான், தொடர்வண்டி, இறக்கை விமானம் யாவும் புதிதாக வரையப்பட்டவை. கதாநாயகன் போர் விமானியாக விரும்பியவன். மதிப்பெண் போதாததால் எவரும் மதிக்காத விண்வெளிப் படையில் வந்து சேர்கிறான். பணமில்லாத திட்டம், வயது முதிர்ந்த பொறியாளர்கள், சோதனையில் வெடிக்கும் எஞ்சின், செலவைப் பழித்துத் தெருவில் கூடும் ஏழைகள் என்று ஒரு நாடே படத்துக்குள் வந்துவிடுகிறது. இறுதியில் அந்த அரசு தன் சொந்த விண்கலத்தைப் பகை நாட்டைப் போருக்கு இழுக்கும் தூண்டிலாக எல்லையருகே நிறுத்துகிறது. பறக்கும் கனவுக்கும் அதற்குப் பணம் கொடுக்கும் அரசுக்கும் உள்ள உறவை இதைவிட நேர்மையாகக் காட்டிய திரைப்படம் நம் நினைவில் இல்லை.

கணினி விளையாட்டுகளை இலக்கியப் பக்கங்களில் குறிப்பிடுவது சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். ஆனால் நம் மாணவர்கள் கற்பனை நாடுகளைக் கற்றுக்கொள்ளும் பள்ளி இன்று அதுதான் என்பதால் தவிர்க்க இயலாது. நம்கோ நிறுவனத்தின் ஏஸ் காம்பட் வரிசையில் ஓசியா, யுக்டோபானியா, பெல்கா என்று நாடுகள் நிறைந்த ஓர் உலகம் விரிகிறது. பெல்கா அற்புதமான விமானங்களைச் செய்த நாடு. 2006இல் வெளிவந்த ஏஸ் காம்பட் ஜீரோவின் கதைப்படி, தோல்வி நெருங்கியபோது அந்த நாடு தன்மேல் படையெடுத்து வருபவர்களைத் தடுக்கத் தன் சொந்த மண்ணிலேயே 7 அணுகுண்டுகளை வெடிக்கிறது. போருக்குப் பின் அதன் ஆயுதத் தொழிற்சாலையை வென்ற நாடான ஓசியா எடுத்துக்கொண்டு வேறு பெயர் சூட்டுகிறது. பிற்பாடு அதே நிறுவனம் இரண்டு வல்லரசுகளையும் மோதவிட்டு இரு பக்கமும் விற்கிறது. விளையாடும் பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டிச் சென்று ஏவுகணை எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது விளையாட்டைச் செய்தவர்களின் குற்றமில்லை.

இங்கே ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். லாபூட்டா தன் குடிகளின் தலைமேல் நிற்கிறது. ஏமாங்கதத்தின் மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. ஹொன்னெமிசின் கலம் தன் நாட்டானையே பணயம் வைக்கிறது. பெல்கா தன் மண்ணையே எரிக்கிறது. தேர்ந்த கதைசொல்லிகளின் கையில் கற்பனை நாட்டின் பறக்கும் பொறி எப்போதும் வெளியே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு உள்ளேயே திரும்பி வருகிறது. அதைச் செய்தவர்களைப் பற்றி அது ஏதோ சொல்ல விரும்புகிறது. கேட்கும் செவி எழுத்தாளருக்கு வேண்டும்.

*

'கற்பனைக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு? இல்லாத நாட்டில் எஞ்சினைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உண்மை நடந்த ஒரு கதையைச் சொல்ல விரும்புகிறோம். இதை நாவலாக எழுதினால் நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காக விமானம் வடிவமைத்த குர்ட் டாங்க் என்பவர் தோல்விக்குப் பின் அர்ஜென்டினாவுக்குச் சென்றார். பெரோனின் ஆட்சியில் புல்கி என்னும் பெயரில் ஒரு ஜெட் போர் விமானத்தைச் செய்தார். 1950இல் அது பறந்தது. 1955இல் பெரோன் வீழ்ந்தார்; திட்டமும் கலைந்தது. 1956இல் டாங்க் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் இந்துஸ்தான் நிறுவனத்தின் பொறியாளர்களோடு மாருத் விமானத்தை உருவாக்கினார். காற்றுக் கடவுளின் பெயர். 1959இல் அதன் எஞ்சினில்லாத மர உருவம் மிதந்து பறந்து சோதிக்கப்பட்டது. 1961 ஜூன் 17 அன்று உண்மை விமானம் பறந்தது. அழகிய உடல். ஒலியை மிஞ்சும் எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்த உடலுக்கு வேண்டிய எஞ்சின் வரவில்லை. பிரிட்டன் அதை உருவாக்கித் தரப் பணம் கேட்டது, இந்தியா கொடுக்கவில்லை. கிடைத்த சிறிய எஞ்சின்களைப் பொருத்தியதால் நேர்கோட்டுப் பறப்பில் ஒலியின் வேகத்தை மாருத் ஒருபோதும் எட்டவில்லை.

எஞ்சினைத் தேடி இந்தியா எகிப்துக்குப் போயிற்று. அங்கே மெஸ்ஸர்ஷ்மிட் என்ற இன்னொரு ஜெர்மானியர் ஸ்பெயினில் தொடங்கிய ஒரு விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கான எஞ்சினைச் செய்துகொண்டிருந்தவர் போருக்குப் பின் சோவியத் நாட்டில் பணியாற்றித் திரும்பிய ஆஸ்திரியரான பிராண்ட்னர். எகிப்திய விமானத்தை 1964இல் முதலில் ஓட்டியவர் கபில் பார்கவா என்ற இந்திய விமானி. எகிப்திய எஞ்சினைச் சுமந்து அங்கே பறந்தது ஓர் இந்திய மாருத். 1969இல் எகிப்து அனைத்தையும் கைவிட்டது. தோற்ற நாட்டின் மனிதர்கள், புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளின் ஆசை, எவரிடமும் முழுமையாக இல்லாத அறிவு என்று இது ஒரு பெரும் புலம்பெயர்வுக் கதை. மாருத்தின் எஞ்சினுக்கு வலுக்கூட்டும் முயற்சியில் 1970 ஜனவரியில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைச் சுமக்கிறது. 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1971 போரில் அவை பாலைவன முனையில் தம் பணியைச் செய்தன.

எஞ்சின் ஏன் இத்தனை அரிதாகிறது? ஜெட் எஞ்சினின் உட்பகுதியில் சுழலும் இதழ்களின் மேல் வீசும் வாயுவின் வெப்பம், அந்த இதழ்கள் செய்யப்பட்ட உலோகக் கலவை உருகும் வெப்பத்தைவிட அதிகம். உருக வேண்டியது உருகாமல் சுழல்வதற்காக இதழுக்குள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்துகிறார்கள். இதழ் முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இதை வரைபடத்தைப் பார்த்துக் கற்க இயலாது. கெட்டுப்போன ஆயிரம் வார்ப்புகளைப் பார்த்துக் கற்க வேண்டும். தலைமுறைகளாகச் சேரும் கையறிவு அது. குருகுலத்தில் சேரும் இசையைப் போன்றது. ஸ்வீடனின் கிரிப்பெனும் அமெரிக்க எஞ்சின் ஒன்றைத் தழுவிச் செய்த எஞ்சினோடுதான் எழுந்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் இந்தியாவின் தேஜசிலும் இருக்கிறது. தேஜசுக்காக 1989இல் தொடங்கிய எஞ்சினுக்குக் காவேரி என்று பெயரிட்டார்கள். எடை கூடியது, உந்துவிசை குறைந்தது. 2008இல் காவேரி தேஜசிலிருந்து பிரிக்கப்பட்டது. 1983இல் ஒப்புதல் பெற்ற தேஜஸ் 2001 ஜனவரியில் முதலில் பறந்தது, 2016இல் படையணியாயிற்று, 2018இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூருக்கு வந்தது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து அதன் விமானி மாண்டார்.

இந்த வரலாற்றை இழிவுக்காகச் சொல்லவில்லை. நேர்மாறாக, இதில்தான் ஒரு நாடு தெரிகிறது என்பதற்காகச் சொல்கிறோம். ஒப்புதலுக்கும் முதல் பறப்புக்கும் இடையிலுள்ள 18 ஆண்டுகளில் ஒரு பொறியாளரின் மகள் பிறந்து கல்லூரிக்குச் சென்றுவிடுகிறாள். அந்த வீட்டில் எத்தனை உரையாடல்கள் நிகழ்ந்திருக்கும்! விமானம் பறக்காத நாளெல்லாம் அலுவலகம் சென்று திரும்பிய மனிதர்களின் பொறுமையை எழுத ஒரு தமிழ் நாவலாசிரியர் இன்னும் முன்வரவில்லை. நம் வார இதழ்களோ விமானம் பறந்தால் உலகமே நடுங்குகிறது என்று எழுதுகின்றன, விழுந்தால் எல்லாமே வீண் என்று எழுதுகின்றன. நடுவிலுள்ள வாழ்க்கையை விட்டுவிட்டு இரண்டு முனைகளை மட்டும் பார்க்கும் இந்த எழுத்து, உண்மையான நாட்டையே கற்பனை நாடாக்கிவிடுகிறது. ஆண்டு மலர்க் கதையில் விமானம் ஆயத்தமாக வந்து நிற்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. இரண்டிலும் உழைப்பு அழிக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் இது வெறும் கதைநுட்பச் சிக்கலாக இல்லாமல் குடிமைச் சிக்கலாகிறது. கற்பனை நாட்டுக்கு எஞ்சினை இலவசமாகக் கொடுத்துவிடும் எழுத்தாளர், வல்லமை விலையின்றிக் கிடைக்கும் என்று இளம் வாசகருக்குக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பாடத்தைக் கற்றவர் நாளை வாக்களிப்பவர். வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பவர் அல்லது படிக்காமல் விடுபவர். போரைப் பொம்மைக் கணக்காகப் பார்க்கும் கண் அங்கேதான் திறக்கிறது.

ஆகவே கற்பனை நாடுகளைப் படைக்கும் இளம் நண்பர்களிடம் நாம் கேட்பது சிறியது. உங்கள் விமானத்தால் செய்ய முடியாத ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் எஞ்சின் எந்த நாட்டிலிருந்து வந்தது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அதன் நிரலை எழுதியவருக்கு ஒரு பெயர் கொடுங்கள். சோதனையில் இறந்தவரின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பல்நோக்கு விமானம் என்றால் அதன் எல்லா நோக்கங்களையும் வரிசைப்படுத்துங்கள். கடைசி நோக்கம் யாருடைய கூரைக்கு மேல் நிற்கிறது என்று அண்ணாந்து பாருங்கள். இத்தனையும் செய்தபின் அது ஒலியைவிட மும்மடங்கு வேகத்தில் பறக்கட்டும். நமக்கு மறுப்பில்லை.

சிந்தாமணியின் பெருந்தச்சனுக்குத் திருத்தக்கதேவர் புகழைக் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை. அந்த 7 நாளும் அவன் பட்டறையில் என்ன நடந்தது, அரக்கு எத்தனை முறை உருகி வழிந்தது, முதலில் செய்த மயில் எழும்பிற்றா என்பதெல்லாம் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன. எழுத விரும்புபவர்களுக்கு ஏமாங்கத நாட்டில் இடமிருக்கிறது.